சாம்பலை மறைக்கும் பனி

1982 ஜூன் 24ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் ஜாவாவுக்குத் தெற்கே நடுவானில் நின்றுவிட்டன. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலே காரணம். விமானத்தின் ராடாரில் எதுவும் தென்படவில்லை. அதில் வியப்பில்லை. அக்கருவி மழைத்துளிகளைக் காணவென்றே அமைந்தது. உலர்ந்த நுண்தூள் அதன் கண்ணில் படாது. தாழ இறங்கியபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கவே, விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது. அனைவரும் உயிர் தப்பினர்.

அப்படியாயின் சாம்பலைக் கண்டறிவது எவ்வாறு? பூமியிலிருந்து மேலெழும் வெப்பக் கதிர்களைச் செயற்கைக் கோள்கள் அளக்கின்றன. 11 மைக்ரான் அலைநீளமுள்ள கதிரைச் சாம்பல் மிகுதியாக உறிஞ்சும். 12 மைக்ரான் கதிரைக் குறைவாக உறிஞ்சும். நீர்த்துளியும் பனித்துகளும் இதற்கு நேர்மாறு. இந்த வேறுபாட்டைக் கொண்டே இது சாம்பல், இது மழைமேகம் எனப் பிரித்தறிகின்றனர்.

சிக்கலும் இங்கேதான். எரிமலை வாயுக்களில் பெரும்பகுதி நீராவியே. கடலோர எரிமலையாயின் கடல்நீரும் உள்ளே புகும். உயரே சென்று குளிர்ந்ததும் அந்நீர் சாம்பல் துகள்களின்மேல் பனியாக உறைந்துவிடும். 1994 செப்டம்பரில் பாப்புவா நியூகினியின் ரபவுல் வெடித்தபோது, 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பனி அம்மேகத்தில் இருந்ததாகக் கணக்கிட்டனர். செயற்கைக் கோளுக்கோ அது வெறும் பனிமேகமாகவே தோன்றிற்று. ஜாவாவில் ஈரமின்றி மறைந்த சாம்பல், இங்கே ஈரத்தால் மறைந்தது!

பனி படிந்த துகள்கள் கனத்து விரைவில் விழுவது ஒரு நன்மையே. ஆயினும் எஞ்சியவை காற்றோடு போய், பனி ஆவியானபின் வேறிடத்தில் தலைகாட்டும். ஆகவே டார்வின் நகரின் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையத்தார், செயற்கைக் கோள் படத்தோடு எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தாரின் செய்தியையும் விமானிகளின் அறிக்கையையும் ஒப்பிட்டே எச்சரிக்கை விடுக்கின்றனர்.