கனடாவில் நல்லிணக்கம்: புதிதாக வந்தவருக்கும் அதில் பங்கு உண்டு

கனடாவில் புதிதாகக் குடியுரிமை பெறுகிறவர்கள் ஓர் உறுதிமொழி எடுக்கிறார்கள். 2021 ஜூனில் அது திருத்தப்பட்டது. முதற்குடிகள், இனுயிட், மெட்டி ஆகிய பூர்வகுடி மக்களின் உரிமைகளையும், அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தரும் உரிமைகளையும் ஏற்கிற அரசியல் சாசனத்தைப் பின்பற்றி நடப்பேன் என்று இப்போது சொல்ல வேண்டும். இப்படிச் சேர்க்கச் சொன்னது, பூர்வகுடிக் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். 2015இல் அது முன்வைத்த 94 பரிந்துரைகளில் கடைசிப் பரிந்துரை இது.

‘என் முன்னோர் இங்கே யாருக்கும் கொடுமை செய்யவில்லையே, எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று நம்மவர் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன், கனடாவில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்து வளர்ப்பதை 1880களிலிருந்து கனடா அரசு தன் கொள்கையாகவே நடத்தியது. பணம் அரசுடையது, நிர்வாகம் பெரும்பாலும் தேவாலயங்களுடையது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த ஏற்பாட்டுக்குள் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் சென்றார்கள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். பள்ளியில் தாய்மொழி பேசினால் அடி விழுந்தது. முடியை வெட்டினார்கள், வீட்டிலிருந்து உடுத்தி வந்த துணியைப் பறித்தார்கள். பலர் பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள். ஃபில்லிஸ் வெப்ஸ்டாட் ஆறு வயதில் இப்படி ஒரு பள்ளிக்குப் போனபோது, பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சு நிறச் சட்டையை முதல் நாளே பறிகொடுத்தார். ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆம் தேதி கனடா முழுவதும் ஆரஞ்சுச் சட்டை அணிவது அதனால்தான்.

அதிகாரிகளுக்கு எதுவும் தெரியாமல் நடந்ததாகச் சொல்ல முடியாது. அரசு மருத்துவரான பீட்டர் பிரைஸ் 1907இலேயே பள்ளிகளை ஆய்வு செய்து, காசநோய் பரவ ஏற்ற இடங்களாக அவை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவர் திரட்டிய கணக்கின்படி, அங்கே படித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார். அரசு அவருடைய அறிக்கையைக் கிடப்பில் போட்டது. 1920இல் சட்டத்தைத் திருத்திப் பூர்வகுடிக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. பிரைஸ் ஓய்வுக்குப் பின் 1922இல் தாமே ஒரு சிறு நூல் வெளியிட்டு இதை நாட்டின் குற்றம் என்றார்.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் அந்தப் பள்ளிகளிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். அவர்கள் தொடுத்த வழக்குகள் 2006இல் பெரிய இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தன. ஆணையம் பிறந்ததும் அந்த உடன்பாட்டிலிருந்துதான். 2008 ஜூனில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பூர்வகுடியைச் சேர்ந்த நீதிபதி மரே சின்க்ளேர் தலைமையில் ஆணையம் ஊர் ஊராகச் சென்று 6,500க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பெற்றது. நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என்று முடிவு சொன்னது. பள்ளிகளில் இறந்த குழந்தைகளின் பெயர்களைத் தேடித் திரட்டும் பணி இன்றும் தொடர்கிறது; 4,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக, மகளுக்காக ஆண்டுக்கணக்கில் தெருவில் அமர்ந்திருக்கும் தாய்மாரைக் கண்ட ஈழத்தமிழருக்கு, அந்தப் பெயர்ப் பட்டியல் ஏன் இத்தனை முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

கல்வியின் பேரால் விளைந்த கேட்டைக் கல்வியால்தான் மாற்ற வேண்டும் என்று சின்க்ளேர் சொல்லிவந்தார். ஆகவே இந்த வரலாற்றை எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும், புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குத் தரும் தகவல் நூல்களிலும் சேர்க்க வேண்டும் என்பவை பரிந்துரைகளில் இடம்பெற்றன. ஆனால் கற்பது முதல் படி மட்டுமே. ஒரு தரப்பின் இழப்பில் மறு தரப்பு இன்றும் பயனடைகிற ஏற்பாடுகள் அப்படியே இருக்க, மன்னிப்பு மட்டும் கேட்டால் நல்லிணக்கம் வராது.

ஷோல் லேக் 40 என்ற முதற்குடிச் சமூகத்தின் கதை இதை நன்றாகக் காட்டும். ஒன்டாரியோ, மனிடோபா மாகாணங்களின் எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்துதான் 1919 முதல் வின்னிபெக் நகரத்துக்குக் குடிநீர் போகிறது. நீர்வழி அமைக்கும் வேலையில் தோண்டிய கால்வாய், இந்த மக்களின் ஊரை நிலத்திலிருந்து துண்டித்துத் தீவாக்கிவிட்டது. நகரத்தின் குழாய்களில் அந்த ஏரி நீர் தடையில்லாமல் வந்தது. ஏரிக்கரையிலேயே வாழ்ந்தவர்களுக்கோ 1997 முதல் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை. சாலை 2019இல்தான் வந்தது. சுத்திகரிப்பு நிலையம் திறந்தது 2021இல். நேற்று விமானத்தில் வந்து இறங்கி வின்னிபெக்கில் குடியேறியவர் வீட்டுக் குழாயைத் திறந்தாலும் வருவது அந்த ஏரியின் நீரே. எந்தக் குற்றமும் செய்யாத அவரும் இந்த ஏற்பாட்டின் பயனாளி. முன்பு எழுப்பிய கேள்விக்கு என் பதில் இதுதான்: உங்கள் மேல் பழி இல்லை, ஆனால் பங்கு இருக்கிறது.

நிலத்தின் கதையும் இதேதான். தமிழர் பெருவாரியாக வாழும் டொரண்டோ பகுதியில் பெரும் நிலப்பரப்பை மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1787இல் வாங்கியதாகப் பிரிட்டிஷ் அரசு சொன்னது. பிறகு ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் வாங்கிய நிலத்தின் விவரமே அதில் எழுதப்படவில்லை. தலைவர்களின் குறிகள் தனித் தாளில் இருந்து ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் பத்து ஷில்லிங் கொடுத்து அதையே உறுதி செய்துகொண்டார்கள். 2,50,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அது. உரியவர்கள் விடாமல் உரிமை கோரியதன் பயனாக 2010இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் இழப்பீடு தந்தது. அந்த மிசிசாகா மக்களின் வழிவந்த சமூகம் இன்று டொரண்டோவில் இல்லை. தென்மேற்கே ஹேகர்ஸ்வில் அருகே ஒரு சிறு ஒதுக்கு நிலத்தில், 1847இல் அங்கே போய்ச் சேர்ந்தது முதல் வாழ்ந்துவருகிறது.