வயதின் மறதியா, நோயின் தொடக்கமா?

துறையூர் பேருந்து நிலையத்தில் பழைய சிநேகிதரைப் பார்க்கிறார் ஒரு பெரியவர். முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. முசிறி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பெயர் நினைவுக்கு வந்துவிடுகிறது. இது வயதின் மறதி. பல வருடம் நடந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாலோ, கேட்டதையே கேட்கிறோம் என்ற நினைவில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

நினைவையும் சிந்தனையையும் அளக்க 1975-இல் அமெரிக்காவில் உருவான எம்.எம்.எஸ்.இ. சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று தொடங்கும். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும் சொல்வார்கள்.

பள்ளிக்கூடமே போகாதவருக்கு?

மதிப்பெண் குறைந்தால் அது நோயாலா, படிப்பு இல்லாததாலா? இந்தச் சிக்கலை ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வாளர்கள் நேரில் சந்தித்தார்கள். 1990-களில் அவர்கள் அமைத்த அந்தச் சோதனையின் இந்தி வடிவத்தில், 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, சோதிப்பவர் தானே கண்ணை மூடிக் காட்டி அதேபோலச் செய்யச் சொன்னார். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், தன் வீட்டைப் பற்றி வாயால் ஏதாவது சொன்னால் போதும்.

வீட்டார் சொல்வது ஏன் முக்கியம்?

டிமென்ஷியா எனும் மறதி நோயைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த '10/66' ஆய்வில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் இடம்பெற்றன. 2008-இல் வெளிவந்த முடிவின்படி, வழக்கமான மருத்துவ வரையறையை வைத்துப் பார்த்தபோது அந்தக் கிராமங்களில் 65 வயது கடந்தோரில் 0.3 விழுக்காட்டினருக்கே டிமென்ஷியா. கல்வி, பண்பாட்டு வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த ஆய்வுக்குழுவின் அளவுகோலிலோ, எந்த ஊரிலும் அது 5.6 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. காரணம், வழக்கமான வரையறைப்படி, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும். 'வயசானா அப்படித்தான்' என்று மருமகள் சமையலையும் மகன் கணக்குவழக்கையும் ஏற்றுக்கொண்ட வீட்டில், சொல்வதற்கு யாருக்கும் எதுவும் தோன்றாது.

என்ன செய்யலாம்?

சோதனை தனியாக நோயை முடிவுசெய்யாது. தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். காது கேட்காதவர் கேள்வி புரியாமலே மதிப்பெண் இழப்பார். ஆகவே மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டையும் காதுக் கருவியையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். 'போன தீபாவளிக்குத் தானே முறுக்கு சுட்டார், இந்த வருடம் மாவில் எது முதலில் என்று தடுமாறினார்' என்பதுபோல, மாறியதைக் குறித்துக்கொண்டு போங்கள். அவர் முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்தவர்கள் நீங்கள்தானே.