வரப்புக்குள் ஒரு களஞ்சியம்

சிதம்பரத்துக்கு மேற்கே, வீராணம் ஏரிப் பாசனத்தில், தை மாதத்து வயல்களைக் காண்பது ஓர் ஆனந்தம். சம்பாக் கதிர்கள் பொன்னிறமாய்த் தலை சாய்ந்து நிற்கும். ஆனால் குடியானவரின் பார்வை கதிரில் நிலைப்பதில்லை. வரப்பை நோக்கியே ஓடுகிறது. அங்கே நேற்று இல்லாத புது மண் குவியல் ஒன்று கிடந்தால் அவர் முகம் சுண்டிவிடுகிறது. வரப்பெலி வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆங்கிலேயர் 'மோல்-ராட்' என்று அழைத்த பிராணி இதுதான். சாஸ்திரப் பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். பன்றி எலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லே அதில் ஒளிந்திருக்கிறது. நம் வீட்டுக் கொல்லைப் பெருச்சாளிக்கு இது சிறிய தாயாதி.

ஆப்பிரிக்காவிலும் 'மோல்-ராட்' என்ற பெயருடைய, மயிரற்ற பிராணி ஒன்று உண்டு. தேனீக்களைப்போல் ஒரே அரசியின் கீழ் அது கூட்டமாக வாழ்கிறது என்பதை 1981-ல் ஜெனிபர் ஜார்விஸ் என்ற பெண்மணி வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ்வதால், மேல்நாட்டுப் பரிசோதனைச்சாலைகள் அதைச் சீராட்டி வளர்க்கின்றன. நமது வரப்பெலியோ அதற்கு நேர் மாறானது. பெரும்பாலும் வளைக்கு ஒன்றாகத் தனித்தே வாழும். அந்நியன் எதிர்ப்பட்டால் மயிரைச் சிலிர்த்து, உறுமிச் சண்டைக்கு நிற்கும்.

வளை என்றால் வெறும் பொந்து அன்று. குட்டிகளுக்கு ஓர் அறை, நெல்லுக்குச் சில அறைகள், ஆபத்தில் தப்பியோட மெல்லிய மண்ணால் மூடிய வழிகள் எல்லாம் அதில் உண்டு. கதிர் முற்றியதும், தின்றது போக மிச்சத்தை இழுத்துச் சென்று சேமிக்கிறது. மூன்று வாரச் சினைக்குப்பின் ஆறு, எட்டு என்று குட்டி போடுகிறது. அறுவடைக் காலத்தில் ஒரு பெண் எலி எத்தனை குடும்பமாகும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இவ்வெலியை நஞ்சிட்டு ஒழித்துவிடலாமே என்போம். அது அவ்வளவு எளிதன்று என்பதைப் பரிசோதனைச்சாலைகளே காட்டின. 1977-ல் ஜோத்பூரைத் தலைமை நிலையமாகக் கொண்டு எலிகளைப் பற்றிய அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. கூண்டில் எலிகளைத் தனித்தனியே வைத்து, எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்று ஆராய்ச்சியாளர் கவனித்தனர். சிங்க் பாஸ்பைடு கலந்த தீனியைச் சிறிதளவு தின்று பிழைத்த எலி, பின்னர் அந்தத் தீனியைத் தொடவே தொடாது. ஆகவேதான் முதலில் இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத தீனியை வைத்து எலியைப் பழக்க வேண்டும் என்கிறார்கள். மாலையில் வளைகளை மண்ணிட்டு அடைத்து, மறுநாள் திறந்திருப்பவற்றில் மட்டுமே தீனி இட வேண்டும். குழந்தைகளும் கால்நடைகளும் அண்டாதபடி காப்பது அவசியம்.

நஞ்சுக்கு முன்பே நம்மவர் கண்ட உபாயங்களும் உண்டு. மூங்கிலை வில்லாய் வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டியை மறக்கலாமா? இருளர் குடியினர் மண்ணைப் பார்த்தே எலி உள்ளே இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வளையைத் தோண்டி எலியையும் பிடிப்பார்கள், பதுக்கிய நெல்லையும் மீட்பார்கள். வரப்பைக் குறுக்கி வைத்தால் வளை தோண்ட இடமே குறைந்துவிடும்.

இன்னொரு துணைவனும் உண்டு. நாம் அபசகுனம் என்று விரட்டும் கூகைதான் அது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், கூகை கக்கிய உருண்டைகளைப் பிரித்து எலும்புகளை ஆராய்ந்தார்கள். டெல்டா வயல்களின் எலிகளே அதன் முக்கிய ஆகாரம் என்று கண்டார்கள். வயலில் ஒரு கழி நட்டுக் குறுக்குச் சட்டம் அடித்தால் அது இரவில் வந்து அமரும். கூலி கேளாத காவற்காரன்!

சிதம்பரத்தில் 1929-ல் தோன்றிய அண்ணாமலை சர்வகலாசாலையில் விவசாய சாஸ்திரமும் பிராணி நூலும் கற்பிக்கிறார்கள். அதன் வாயிலிலிருந்து வயல் வரப்பு வெகு தூரமில்லை. அங்கே கற்கும் நம் பிள்ளைகள் ஒரு நாள் இருளர் பெரியவர் ஒருவருடன் வரப்பில் நடந்து பார்க்கட்டும். கூண்டில் கற்றதும் மண்ணில் கற்றதும் ஒன்று சேரும் நாளில்தான், குடியானவரின் நெல் எலியின் களஞ்சியத்துக்குப் போகாமல் அவர் வீட்டுக் குதிருக்கு வந்து சேரும்.