தட்டில் ஊற்றிய தண்ணீர்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்வந்தீர்கள், தூரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள்தான் தெரிந்தன, எது என்ன பறவை என்றே புரியவில்லை என்கிறீர்கள். முதல்முறை எல்லோருக்கும் அப்படித்தான். டீயைக் குடியுங்கள், ஒரு வழி சொல்கிறேன். பறவையைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கும் தண்ணீரைப் பாருங்கள்.

கரையோரச் சேற்றில் விரல் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். அங்கே சிட்டுக்குருவி அளவில் ஒன்று, தையல் மிஷின் ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடினால், அது கொசு உள்ளானாக இருக்கலாம். வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. கால் குட்டை, ஒரு சாண் தண்ணீர் நின்றால் அதற்கு அங்கே இரை இல்லை.

இன்னும் சற்று உள்ளே, இளஞ்சிவப்புக் குச்சிக் கால்களோடு நடப்பது நெடுங்கால் உள்ளான். அதையும் தாண்டி நிற்கிறது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் வரும். நத்தையைப் பிடித்து, கீழலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்துச் சதையை உருவி எடுத்துவிடும். பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சலிக்கிறது. மிதக்கும் இலைமேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடப்பது இலைக்கோழி. ஆழமான இடத்தில் முக்குளிப்பான் முங்கி எழும். கூழைக்கடா நீந்திக்கொண்டே மீனைப் பையில் அள்ளும்.

ஆக, ஒரே நீர்நிலையில் ஆளுக்கொரு ஆழம். காலும் அலகும் அந்தந்த ஆழத்துக்கு ஏற்றபடி அமைந்தவை.

இந்த டம்ளரையும் சாஸரையும் பாருங்கள். ஏரி என்றால் டம்ளர். சதுப்பு நிலம் சாஸர். அகலம் உண்டு, ஆழம் இல்லை. 'இதை ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் நிற்குமே' என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. முழுவதும் தோண்டினால் கூழைக்கடா இருக்கும். உள்ளானுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. மழை ஓய்ந்தபின் நீர் மெல்ல வற்றும்போது புதிது புதிதாகச் சேறு வெளிப்படுகிறது. வலசை வந்த பறவைகளுக்கு அதுதான் பந்தி. வற்றுவதும் இந்த நிலத்தின் உயிர்ப்புதான். 2007-இல் காப்புக்காடு, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் தலம் என இதற்குப் பாதுகாப்பு வந்திருக்கிறது. ஆனால் ஓரத்தில் கிடக்கும் வெறும் சேற்றையும் சதுப்பு நிலம் என்று நாம் மதித்தால்தான் அந்தப் பாதுகாப்பு முழுமையாகும்.

ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலையில் போங்கள். வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள். பைனாகுலரில் பார்த்து நோட்டில் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள்: தண்ணீர் பறவையின் காலில் எதுவரை இருக்கிறது, அலகு என்ன செய்கிறது. பெயரை வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம்.

கடல்களும் மலைகளும் தாண்டி வரும் அந்தச் சின்ன உள்ளானுக்கு வேண்டியது விரல் நனையும் தண்ணீர்தான். அதை விட்டுவைப்போம்.