கிசிமி ஆற்றுக்குத் திரும்பிய வெள்ளம்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கிசிமி ஏரியிலிருந்து புறப்பட்டு ஓக்கிசோபி ஏரியில் கலக்கும் கிசிமி ஆறு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 166 கி.மீ. தொலைவு வளைந்து வளைந்து ஓடியது. தரையின் சாய்வு மிகக் குறைவாக இருந்ததால், நீர் கரை புரண்டு, 1.5 முதல் 3 கி.மீ. அகலமுள்ள வெள்ளச்சமவெளியில், அதாவது பெருக்குக் காலத்தில் ஆறு தனக்கென எடுத்துக்கொள்ளும் தாழ்நிலத்தில், ஆண்டின் பெரும்பகுதி பரவி நின்றது. 1947ஆம் ஆண்டுப் புயல்களால் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின் இந்தப் பரவலே ஆபத்தாகக் கருதப்பட்டது. 1962 முதல் 1971 வரை ராணுவப் பொறியாளர் படை இந்த ஆற்றை 90 கி.மீ. நீளமும் சுமார் 9 மீட்டர் ஆழமும் கொண்ட, சி-38 எனப் பெயரிடப்பட்ட கால்வாயாக மாற்றியது.

வெள்ளம் அடங்கியது, ஆனால் அதனுடன் ஆறும் அடங்கிப்போனது. 12,000 ஹெக்டேருக்கும் கூடுதலான சதுப்புநிலம் வறண்டது. குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்ப்பறவைகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ஓட்டம் நின்ற பழைய வளைவுகளில் மட்கிய தாவரங்கள் மணலின் மேல் தடித்துப் படிந்தன; அவை அழுகும்போது, மீன்கள் சுவாசிக்க வேண்டிய, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்தது.

இந்த ஆற்றை மீட்கும் பணியில் ஆற்று அறிவியலாளர்களின் பங்கு, கால்வாயைத் தூர்க்க வேண்டும் என்று சொல்வதோடு முடிந்துவிடவில்லை. 1984-இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில் கால்வாயின் குறுக்கே எஃகுத் தகட்டுத் தடுப்பணைகள் மூன்று அமைக்கப்பட்டு, நீர் பழைய வளைவுகளுக்குள் திருப்பப்பட்டது. வளைவுகளும் சமவெளித் தாவரங்களும் உயிர்பெறக்கூடியவை என்பது அதில் உறுதியானது. ஆனால் அதைவிடப் பெரிய பாடம், மேலிருந்து நீர் திறந்துவிடப்படும் முறை மாறாவிட்டால் இந்த மீட்சி நிலைக்காது என்பதாகும். சமவெளியில் பரவிய நீர் மிக வேகமாக வடியும்போது, ஆக்சிஜன் அற்ற சதுப்பு நீர் ஒரே வீச்சில் ஆற்றுக்குள் இறங்கி மீன்களைக் கொல்கிறது. எனவேதான் இடைவிடாத ஓட்டம், கரை புரளும் அளவு, மாதத்துக்கு ஏறத்தாழ 30 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டாமல் நீர்மட்டம் மெல்ல இறங்குதல் ஆகியவை மீட்பின் நீரியல் அளவுகோல்களாக வகுக்கப்பட்டன. ஒரு மீனினத்துக்காகவோ ஒரு பறவையினத்துக்காகவோ ஆற்றை வடிவமைக்காமல், ஆற்றின் இயல்பான நீர்ப்போக்கைத் திருப்பித் தந்தால் உயிர்கள் தாமே திரும்பும் என்று நம்பிய அந்த முடிவே இத்திட்டத்தின் மிகத் துணிவான பகுதி எனலாம்.

1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த இத்திட்டத்தின் தூர்ப்புப் பணி 1999-இல் தொடங்கியது. அதற்கு முன்பே நீரின் வேதியியல், பூச்சிகள், மீன்கள், தாவரங்கள், பறவைகள் ஆகியவற்றின் அடிப்படை அளவீடுகள் எடுத்து வைக்கப்பட்டன. கண்ணுக்குப் புலப்படாத இந்த முன்வேலை இல்லையெனில், பின்னர் காணப்படும் மாற்றம் மீட்பினால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று எவராலும் பிரித்தறிய இயலாது. தோண்டியபோது கரையோரம் குவிக்கப்பட்ட மண்ணே மீண்டும் கால்வாய்க்குள் தள்ளப்பட்டது. முற்றிலும் அழிந்துபோன வளைவுகள் புதிதாக வெட்டப்பட்டன. ஓட்டம் திரும்பியதும் தேங்கிய மட்கு அரித்துச் செல்லப்பட்டு, வளைவுகளின் உட்புறத்தில் மணல்திட்டுகள் உருவாயின. ஆக்சிஜன் அளவு உயர்ந்தது. கொக்கு, நாரை போன்ற நீர்நடைப் பறவைகளும் வாத்துகளும் பெருமளவில் வந்து சேர்ந்தன.

2021-இல் கட்டுமானம் நிறைவுற்றபோது 35 கி.மீ. கால்வாய் தூர்க்கப்பட்டு, சுமார் 70 கி.மீ. ஆறும் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெள்ளச்சமவெளியும் மீட்கப்பட்டிருந்தன. முழுக் கால்வாயையும் தூர்த்தால் குடியிருப்புகளுக்கான வெள்ளப் பாதுகாப்பு குலையும் என்பதால் இரு முனைகளிலும் அது கால்வாயாகவே விடப்பட்டது. இது வருந்தத்தக்கது என்றாலும் நியாயமானது. சமவெளியில் நீர் மீண்டும் நிற்பதற்காக நிலங்களையும் நிலத்தின் மீதான உரிமைகளையும் விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்ததையும் நோக்கினால், வெள்ளச்சமவெளியைத் தொடக்கத்திலேயே காப்பது எத்துணை மலிவு என்பது விளங்கும். மேலேயுள்ள ஏரிகளின் மதகுகளை மனிதரே இயக்குவதால், எந்தப் பருவத்தில் எவ்வளவு நீர், எந்த வேகத்தில் குறைக்கப்பட வேண்டும் என்ற கணக்கை அளவீடுகளின் துணையோடு தொடர்ந்து திருத்தி வருவதே இன்று அங்குள்ள அறிவியலாளர்களின் அன்றாடப் பணியாகும்.