ஐயம் தீர்ப்பது யார் கடமை?

பிள்ளைச் செல்வம் எல்லாம் வல்ல இறைவன் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அதன் உடல்நலம் பேணுவது பெற்றோரின் நீங்காக் கடமை. இதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எனினும், வருமுன் காக்கும் மருந்தைத் தம் பிள்ளைக்குக் கொடுக்கப் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். இதனை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் உண்டு. உண்மை அதுதானா? நைஜீரியா நாட்டில் நிகழ்ந்தவை இதற்கு விடை பகர்கின்றன.

அந்நாட்டின் வடபகுதியிலுள்ள கானோ, முஸ்லிம்கள் நிறைந்து வாழும் பழம்பெரும் வணிக நகரம். 1996ஆம் ஆண்டில் அங்கு மூளைக் காய்ச்சல் பரவியபோது, அயல்நாட்டு மருந்து நிறுவனமொன்று தனது புதிய மருந்தை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. அச்சோதனையில் இடம்பெற்ற குழந்தைகள் சிலர் இறந்தனர். தங்கள் இசைவு முறையாகப் பெறப்படவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வழக்குகள் முடிவதற்கு முன்பே, இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்துடன் ஊழியர்கள் வீடு தேடி வந்தனர். "இது பெண்மக்களை மலடாக்கும் மருந்து" என்ற வதந்தி காட்டுத்தீயெனப் பரவியது. 2003ஆம் ஆண்டில் வட மாநிலங்கள் சில இம்மருந்தை நிறுத்திவைத்தன. கானோவில் அத்தடை ஏறத்தாழ 11 மாதங்கள் நீடித்தது.

அம்மக்களின் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அச்சம் காட்டிய வழி பிழையானது. அவர்களின் ஐயம் எவ்வாறு தீர்ந்தது என்பதே நாம் சிந்திக்கத்தக்கது. மருந்து ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் இந்தோனேஷியாவில் தயாரான மருந்து வரவழைக்கப்பட்டது. 2004 ஜூலை இறுதியில், மாநில ஆளுநர் பலரறியத் தம் சிறு மகளுக்கே அதனைக் கொடுக்கச் செய்தார். மக்கள் கதவைத் திறந்தனர்.

ஆனால் நோய்க்கிருமி காத்திருக்கவில்லை. வடநைஜீரியாவிலிருந்து புறப்பட்ட அது நாடு பல கடந்தது. பத்தாண்டுகளாக இந்நோயே இல்லாதிருந்த இந்தோனேஷியாவை 2005இல் அடைந்தது. அங்கு சுமார் 300 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். எந்த நாட்டு மருந்தை நம்பிக் கானோ மக்கள் ஐயம் நீங்கினார்களோ, அந்நாட்டுக் குழந்தைகளே அத்தாமதத்திற்கு விலை கொடுத்தனர்!

நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்திலும் இத்தகைய தயக்கம் இருந்தது. "காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருத்துவரைக் காண வழியில்லை, இச்சொட்டு மருந்து மட்டும் ஏன் மீண்டும் மீண்டும் வாசலுக்கு வருகிறது?" என்று தாய்மார்கள் கேட்டனர். நியாயமான கேள்வி! அதட்டல் அவர்களை இணங்கவைக்கவில்லை. அதே தெருவில் வாழும் பெண்கள் வீடுதோறும் சென்று விளக்கினர். உலமாப் பெருமக்கள் பள்ளிவாசல்களிலிருந்து அறிவித்தனர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட ஒரு குழந்தையோடு, இயற்கைக் கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் ஓய்ந்தது. ஆப்பிரிக்காவும் 2020 ஆகஸ்டில் அந்நிலையை எய்தியது.

நம் இல்லங்களையே பார்ப்போமே. புனித ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவர்கள் மூளைக் காய்ச்சல் தடுப்பூசியைத் தயக்கமின்றிப் போட்டுக்கொள்கின்றனர். 1987ஆம் ஆண்டு ஹாஜிகளிடையே அந்நோய் பரவியதையடுத்து ஏற்பட்ட விதி அது. ஊசி எதற்கு என்பது அவர்களுக்குத் தெரியும். போட்டுக்கொண்டு சென்று திரும்பிய ஹாஜிகளையும் அவர்கள் அறிவார்கள். ஆகவே மனம் அமைதி கொள்கிறது. அதே வீட்டில், பேரப்பிள்ளையின் தடுப்பூசி பற்றிக் கைப்பேசியில் வரும் முகவரியற்ற செய்தி ஒன்று உள்ளத்தைக் கலக்கிவிடுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது இத்தகைய வதந்திகளால் எல்லாச் சமயப் பெற்றோரும் கலங்கியதை மறக்கவியலாது.

இங்கேதான் இளைஞர்களின் பொறுப்பு வருகிறது. வீட்டுக்கு வரும் செய்தியை முதலில் படிப்பவர்களும், பெற்றோருக்கு எடுத்துரைப்பவர்களும் அவர்களே. எவரேனும் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியாமல் ஏற்று, பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதீர்கள் எனத் திருமறையின் 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் எச்சரிக்கிறது. கைப்பேசிச் செய்திக்கு அவ்வெச்சரிக்கை பொருந்தாதா?

"தவக்கல் போதாதா?" என்பாரும் உண்டு. ஒட்டகையைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது நாமறிந்ததே.

ஐயம் கொள்வது குற்றமன்று. அதனைக் கேளாமல் உள்ளத்தில் பூட்டிவைப்பதே கேடு. பெற்றோர் மருத்துவரிடம் துணிந்து வினவட்டும். மருத்துவர் சினமின்றி விடையளிக்கட்டும்; ஊசிக்குப்பின் காய்ச்சல் வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லட்டும். ஜமாஅத்தார் இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தட்டும். ஐயம் தீர்ப்பது நம் அனைவரின் கடமை. அதனை நிறைவேற்ற வல்ல நாயன் அருள்புரிவானாக!