ஆயிரம் காப்பி அடித்தால் மலிவா? சொந்தமாகப் புத்தகம் போடுபவர்களுக்கு ஆஃப்செட் கணக்கு

சொந்தக் காசில் புத்தகம் போட நினைத்து அச்சகத்துக்குப் போனால், முதலில் வரும் கேள்வி 'எத்தனை காப்பி?' என்பதுதான். 200 என்றால் ஒரு ரேட். 1,000 என்றால் ஒரு காப்பிக்குப் பாதிக்கும் குறைவான ரேட். "இன்னும் கொஞ்சம் போட்டா ஆயிரமாவே அடிச்சிடலாமே சார்" என்று அடுத்த பேச்சு வரும். பலருக்கும் மனசு சறுக்கும் இடம் இதுதான்.

இந்த ரேட் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எத்தனை காப்பி அடித்தால் கை கடிக்காது? கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை போன்ற பகுதிகளிலிருந்து எழுதுபவர்களுக்கு இது ஏன் கூடுதல் முக்கியம்? பார்ப்போம்.

மலையிலிருந்து ஒரு புத்தகம் வந்தால்...

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கில் இருக்கிறது கல்வராயன் மலை. அங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களிடம் ஒரு கதை வழங்குகிறது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் இந்த மலை ஜாகீர்தார்களின் கையில்தான் இருந்தது. அந்த ஆதிக்கம் முடிவுக்கு வந்தது 1976-ல்.

அப்போது 20 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. அவர்கள் நினைவில் இருக்கும் ஜாகீர் காலத்துக் கதைகளையும், பாட்டுகளையும், சடங்குகளையும் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் உண்டு. எழுதினால் நல்ல புத்தகம் கிடைக்கும். ஆனால், அதற்கு உறுதியான வாசகர்கள் சில நூறு பேராக இருக்கலாம். லாப நஷ்டம் பார்க்கும் பதிப்பகம் தயங்கும். கடைசியில் எழுதியவரே அச்சிட வேண்டிவரும். காப்பி எண்ணிக்கையில் கணக்கு தப்பி சேமிப்பு முழுக்க அதில் முடங்கிவிட்டால், அவரிடமிருந்து அடுத்த புத்தகம் வராது.

சரி, ஆஃப்செட்னா என்ன?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. அவ்வளவுதான் அடிப்படை. ஓர் அலுமினியத் தகட்டில், அதாவது 'பிளேட்'டில், எழுத்து இருக்கும் இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளிவிடும். பிளேட்டிலிருந்து மை நேராகத் தாளுக்குப் போகாது. முதலில் ஒரு ரப்பர் உருளைக்குப் போகும். அங்கிருந்து தாளுக்கு இறங்கும்.

இந்த ரப்பர் யோசனை ஒரு தவறில் பிறந்தது. 1904 வாக்கில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அச்சகம் நடத்திய ஐரா ரூபெல், மெஷினில் தாள் செருகத் தவறியபோது அச்சு ரப்பர் மீது விழுவதையும், அடுத்து வந்த தாளின் பின்பக்கத்தில் ரப்பர் பதித்த எழுத்து இன்னும் தெளிவாக இருப்பதையும் கவனித்தார். அதையே ஒரு முறையாக்கி மெஷின் செய்தார்.

16-ஆம் வாய்ப்பாடு

தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் பார்க்கும் அளவு 'டெம்மி 1/8'. 18 x 23 அங்குலத் தாளை மூன்று முறை மடித்தால் 8 இதழ், 16 பக்கம் கிடைக்கும். அச்சகத்தில் இதை ஒரு 'ஃபாரம்' என்பார்கள். டெம்மி மெஷினில் ஒரு ஃபாரத்துக்கு முன்பக்கம் ஒரு பிளேட், பின்பக்கம் ஒரு பிளேட்.

160 பக்கப் புத்தகம் என்றால் 10 ஃபாரம். கறுப்பு மை மட்டும் போதும் என்றால் உள்பக்கங்களுக்கு 20 பிளேட். கலர் அட்டைக்கு நான்கு நிறம், எனவே 4 பிளேட். பெரிய மெஷினாக இருந்தால் பிளேட் எண்ணிக்கை குறையும். கணக்கின் வழி மாறாது.

இதிலிருந்து ஒரு டிப்ஸ்: உங்கள் புத்தகம் 163 பக்கம் வந்தால், அந்த 3 பக்கத்துக்காகத் தனியாக இன்னொரு பிளேட் செலவும் தாள் செலவும் சேரும். லேஅவுட் செய்பவரிடம் சொல்லி 160-க்குள் அடக்கிவிடலாம். இல்லையென்றால் 176 வரை பயனுள்ளதாக நிரப்பலாம்.

ரேட் ஏன் இறங்குகிறது?

பிளேட் போடுவது, மெஷினில் மாட்டுவது, மையும் தண்ணீரும் சரியாகும்வரை தாளை ஓட்டிப் பார்ப்பது - இந்தச் செலவு 100 காப்பிக்கும் 1,000 காப்பிக்கும் ஒன்றேதான். தாளும் மையும் பைண்டிங்கும் மட்டுமே காப்பிக்குக் காப்பி கூடும். டிஜிட்டல் அச்சில் பிளேட்டே கிடையாது. அதனால் முதல் காப்பிக்கும் 300-வது காப்பிக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம் (இது மார்க்கெட் ரேட் அல்ல). ஆஃப்செட்டில் நிலையான செலவு 24,000 ரூபாய், அதன் மேல் காப்பிக்கு 45 ரூபாய். டிஜிட்டலில் காப்பிக்கு 110 ரூபாய்.

- 200 காப்பி: ஆஃப்செட் 33,000 (ஒன்று 165 ரூபாய்), டிஜிட்டல் 22,000
- 500 காப்பி: ஆஃப்செட் 46,500 (ஒன்று 93 ரூபாய்), டிஜிட்டல் 55,000
- 1,000 காப்பி: ஆஃப்செட் 69,000 (ஒன்று 69 ரூபாய்), டிஜிட்டல் 1,10,000

இந்தக் கணக்கில் 370 காப்பிக்கு மேல் போனால்தான் ஆஃப்செட் லாபம். நீங்கள் வாங்கும் கொட்டேஷனிலும் இந்த எல்லையைக் கண்டுபிடிக்கலாம். ஒரே புத்தகத்துக்கு 300, 500, 1,000 என்று மூன்று எண்ணிக்கைக்கு ரேட் கேளுங்கள். ஜி.எஸ்.டி., லாரி வாடகை சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடித்தாச்சு, விற்குமா?

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். புத்தக விலை 200 ரூபாய். கடைக்காரருக்கு 35% கழிவு போனால் கையில் வருவது 130. ஆயிரம் அடித்து 250 விற்றால் வரவு 32,500. செலவு 69,000. நஷ்டம் 36,500 ரூபாய். டிஜிட்டலில் 250 மட்டும் அடித்து அத்தனையும் விற்றிருந்தால் 5,000 ரூபாய் மிச்சம் ஆகியிருக்கும். காப்பிக்கு 69 ரூபாய் என்ற மலிவு, ஆயிரமும் விற்றால் மட்டுமே உண்மை.

விற்காத 750 காப்பி எங்கே போகும்? 70 ஜி.எஸ்.எம். தாளில் 160 பக்க டெம்மி புத்தகம் ஏறக்குறைய 200 கிராம். 750 என்றால் 150 கிலோ. கட்டிலுக்கு அடியில், பரண் மேல், கறையானுக்குப் பயந்தபடி கிடக்கும். மலையில் வீடு என்றால் மழைக்கால ஈரத்துக்கும் பயப்பட வேண்டும். 'நூலக ஆணை கிடைச்சிடும்' என்று நம்பி ஆயிரம் அடிப்பவர்கள் உண்டு. கிடைத்தால் நல்லது, கிடைக்கும் முன்பே அதை வரவில் எழுதக் கூடாது.

நம்ம ஊர் முன்னோடிகள் இதற்கு இரண்டு வழி காட்டியிருக்கிறார்கள். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அச்சுச் செலவுக்காக ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே 'கையொப்பம்' வாங்கினார். இன்றைய பாஷையில் சொன்னால் ப்ரீ-ஆர்டர். 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, தான் பதிப்பித்த புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பின்னாளில் அவர் சொந்தமாக வெளியிட்ட 'சுதந்திர தாகம்' நாவலுக்கு, அவர் மறைந்த பிறகு, 2001-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

இன்று கையொப்பம் வாங்க ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் க்யூ.ஆர். கோடும் போதும். முன்பணம் கட்டியவர்கள் 80 பேர் என்றால் 150 அடியுங்கள். அது தீர்ந்து கேட்பவர்கள் வரிசையில் நின்றால், இரண்டாம் பதிப்பை ஆஃப்செட்டில் 500 போடலாம். முதல் பதிப்பில் கண்ணில் பட்ட எழுத்துப் பிழைகளையும் அப்போது திருத்திவிடலாம்.

அச்சகத்துக்குப் போகும் முன்...

- ஃபைல்: வேர்டு ஃபைலை அப்படியே கொடுத்தால் அங்குள்ள கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து உடையலாம். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போய்விடும். ஃபான்ட் உள்ளடங்கிய பி.டி.எஃப். கொடுங்கள்.
- அட்டை: முதுகு அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. தாள் முடிவான பிறகு அட்டையை இறுதி செய்யுங்கள்.
- ப்ரூஃப்: பிளேட் போட்ட பிறகு ஓர் எழுத்தைத் திருத்தினாலும் புது பிளேட் காசு. காகிதத்தில் பிரின்ட் எடுத்து, உங்களைத் தவிர இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.
- ஐ.எஸ்.பி.என்.: இந்த 13 இலக்க எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தனிநபர் எழுத்தாளரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.
- நூலகப் பிரதி: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பில் வெளியீட்டாளர் நீங்கள்தான். அதனால் பொறுப்பும் உங்களுடையதே.
- உரிமை: எழுதிய கணத்திலேயே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடும். 'பேக்கேஜ்' பேசுபவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் அதை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். லேஅவுட்டின் மூல ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டாம் பதிப்புக்கு அது வேண்டும்.

ஊர்ப் பாட்டையும் பாட்டி சொன்ன கதையையும் தொகுத்துப் போடுபவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. சொன்னவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர்கள் விரும்பினால் பெயரை முதல் பக்கங்களிலேயே போடுங்கள். அச்சாகி வந்ததும் முதல் கட்டில் சில பிரதிகளை அவர்களுக்கென்று எடுத்து வையுங்கள். 'எத்தனை காப்பி?' என்ற கேள்விக்கான பதிலில் அந்தப் பிரதிகளும் சேரட்டும்.